அப்பாவின் இரட்டைக் குழல் துருவோடு திரும்பி வந்திருக்கிறது – வீட்டில் வைத்துச் சுத்தம் செய்ய என்னென்ன வாங்கலாம்?

சேரன்மாதேவிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா பெயரில் இருந்த 12 போர் (bore, குழல் அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கி, வாரிசு உரிமம் முடிந்து இப்போதுதான் என் பெயருக்கு வந்திருக்கிறது. இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலைத் தயாரிப்பு. 2024 மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் தேதி அறிவித்ததும் வழக்கம்போல் காவல் நிலையத்தில் ஒப்படைத்தோம். ஜூன் 4 எண்ணிக்கை முடிந்து ஊரில் மற்றவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். அதற்குள் அப்பா தவறிவிட்டதால் எங்களுடையது மட்டும் அங்கேயே கிடந்தது. ரைட்டர் அறையில் ஜன்னலோரமாகச் சாத்தி வைத்திருந்தார்கள். இரண்டு ஐப்பசி மழைச் சாரலும் அதன் மேல்தான்.

நிலவரம் இதுதான். குழலின் வெளிப்புறத்தில், யாரோ பிடித்துத் தூக்கிய இடத்தில், நான்கு விரல் பதிந்த மாதிரியே ஆரஞ்சு நிறத் துரு. விரல் ரேகை கூடத் தெரிகிறது. பின்பக்கமிருந்து வெளிச்சத்தில் பார்த்தால் வலது குழல் பளபளவென்று இருக்கிறது. இடது குழலில் வாய்ப்பக்கம் சாம்பல் நிறத்தில் கோடு கோடாக ஏதோ ஒட்டியிருக்கிறது. கட்டை இரும்போடு சேரும் இடத்தில் மரம் கறுத்து மெத்தென்று இருக்கிறது.

ஆன்லைனில் பார்த்தால் பெட்டி பெட்டியாகச் சாமான். எது தேவை, எது காசுக்குப் பிடித்த கேடு என்று தெரியவில்லை. அப்பா தேங்காய் எண்ணெய்தான் போடுவார். பெரியம்மா, "குத்துவிளக்குக்குப் போடுற மாதிரி புளி போட்டுத் தேயேன்" என்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஹவில்தார்:

தம்பி, சாமான் அப்புறம். முதலில் இதை முடியுங்கள். துப்பாக்கியைத் திறந்து தோட்டா உட்காரும் இரண்டு சேம்பரையும் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் பாருங்கள். காவல் நிலையத்திலிருந்து வந்ததாயிற்றே, காலியாகத்தான் இருக்கும் என்று நினைக்கக் கூடாது. வீட்டில் இருக்கும் தோட்டாவை எடுத்து வேறு அறையில் வைத்துப் பூட்டுங்கள். சுத்தம் செய்யும் மேஜையில் ஒரு தோட்டா கூட இருக்கக் கூடாது. சாப்பாட்டு மேஜை வேண்டாம், அடுப்படி வேண்டாம். உள்ளே இருப்பது ஈயம். மொட்டை மாடியோ திண்ணையோ, காற்று வரும் இடமாகப் பாருங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரமாக இருக்கட்டும்.

இனி சாமான். பட்டாளத்தில் எங்களுக்குக் கொடுத்தது குழலுக்குள் துணியை இழுக்க ஒரு புல்த்ரூ கயிறு, சிந்தித் துணி, ஒரு சின்ன எண்ணெய்க் குப்பி. சிந்தி என்றால் 4 அங்குலத்துக்கு 2 அங்குலம் வெட்டிய பிளானல் துணி. இதை வைத்துத்தான் எஸ்.எல்.ஆர். துப்பாக்கியைப் பாலைவனத்திலும் பனியிலும் காப்பாற்றினோம். உங்கள் 12 போருக்குக் கூடுதலாக வேண்டியது ஒரு ராடு, ஒரு வெண்கலப் பிரஷ், ஒரு கம்பளிக் குஞ்சம். அவ்வளவுதான். பழைய வெள்ளைப் பனியன் துணியே போதும், ஆனால் துவைத்துக் காய்ந்ததாக இருக்க வேண்டும். வியர்வை உப்பு இருக்கிற பனியனால் துடைத்தால் நீங்களே துருவை விதைக்கிறீர்கள். குழலில் தெரிகிற அந்த நாலு விரலும் அப்படி வந்ததுதான்.

தேங்காய் எண்ணெயை இன்றோடு விட்டுவிடுங்கள். நம் ஊரில் மார்கழி விடியற்காலையில் அது உறைந்துபோகும். நாள்பட்டால் சிக்குப் பிடித்துப் பிசின் மாதிரி ஆகிவிடும். நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் எல்லாம் அதே கதைதான். இரும்புக்கு மினரல் எண்ணெய்.

லேத்பட்டறை_பேட்டை:

ஹவில்தார் ஐயா சொன்னதோடு என் பங்கு.

பெரியம்மா சொன்ன புளி வேண்டவே வேண்டாம். பித்தளை விளக்குக்குப் புளி சரி. துப்பாக்கிக் குழலின் கருநீலம் பெயிண்ட் அல்ல. அதுவும் இரும்பு ஆக்சைடுதான், ஆனால் கறுப்பு ஆக்சைடு. புளி, எலுமிச்சை, வினிகர், ஹார்டுவேர் கடையில் விற்கிற பாஸ்பாரிக் அமிலத் துரு நீக்கி, எல்லாமே ஆரஞ்சுத் துருவோடு சேர்த்து அந்தக் கறுப்பையும் கரைத்துவிடும். வெள்ளை இரும்பு வெளியே வரும். அடுத்த மழைக்கு முழுக் குழலும் ஆரஞ்சு.

உப்புத்தாளும் எமரியும் அதே மாதிரிதான். பக்கத்தில் கொண்டுவராதீர்கள். நான்கு பூஜ்யம் ஸ்டீல் உல் என்று கேளுங்கள். 0000 என்று போட்டிருக்கும். மர பாலிஷ் சாமான் விற்கிற கடையில் கிடைக்கும். பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் வேறு, அதைத் தூக்கிக் கொடுப்பார்கள், வாங்கிவிடாதீர்கள். துரு மேல் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். மறுநாள் எண்ணெயோடு சேர்த்தே, கை பாரம் கொடுக்காமல், சின்ன வட்டமாகத் தேயுங்கள். எண்ணெய் பழுப்பாகும். துடைத்துப் பாருங்கள். துரு போனதும் நிறுத்துங்கள். அடியில் மிளகு தூவிய மாதிரி கறுப்புக் குழி தெரிந்தால் அது தழும்பு, அதை அப்படியே விட்டு எண்ணெய் போடுங்கள். குழியை எடுக்கிறேன் என்று இறங்கினால் குழலின் தடிமன்தான் போகும்.

இடது குழல் சாம்பல் கோடு பற்றி எனக்குத் தோன்றுவது: துருவாக இருக்காது. இரட்டைக் குழலில் பெரும்பாலும் இடதுதான் ஃபுல் சோக், வாய் குறுகியிருக்கும். தோட்டாவில் இருக்கிற ஈயக் குண்டு, அதாவது ரவை, அங்கே நெருக்கிக்கொண்டு போகும்போது ஈயம் ஒட்டும். ஒரு வெள்ளைத் துணியில் எண்ணெய் விட்டுத் தள்ளிப் பாருங்கள். துணி செம்பழுப்பாக வந்தால் துரு. சாம்பலும் கறுப்புமாக வந்தால் ஈயமும் கரியும்.

ராடு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மூன்று துண்டாகத் திருகிச் சேர்க்கிற அலுமினிய ராடு மலிவு. ஆனால் மூட்டில் விளிம்பு துருத்திக்கொண்டு நிற்கும். போதாக்குறைக்கு, அலுமினியம் மென்மையானது, மணல் துகள் அதில் பதிந்து அதுவே அரம் மாதிரி வேலை செய்யும். 12 போருக்கு மர ராடு அருமையான சாமான். ரைஃபிள் வைத்திருப்பவர்கள் ஒரே துண்டு ஸ்டீல் ராடு, மேலே பிளாஸ்டிக் உறை போட்டது வாங்கட்டும்.

நெட்டில்_தேடி:

இவ்வளவு சிரமம் எதற்கு? டபிள்யூ.டி. 40 (WD-40) ஸ்பிரே ஒரு டப்பா வாங்கி உள்ளேயும் வெளியேயும் அடித்துவிட்டால் வேலை முடிந்தது. யூட்யூபில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

லேத்பட்டறை_பேட்டை:

யூட்யூபில் பாதிப் பேர் செய்கிறார்கள் வே, அடுத்த வருஷம் அந்தத் துப்பாக்கி எப்படி இருக்கிறது என்று எவனும் வீடியோ போடுவதில்லை.

டபிள்யூ.டி. 40 கெட்ட சாமான் இல்லை. பட்டறையில் எனக்கு அது தினமும் வேண்டும். ஆனால் 1953-ல் அதைச் செய்ததே தண்ணீரை விரட்டத்தான். பெயரில் இருக்கிற இரண்டு எழுத்தும் அதைத்தான் சொல்கிறது, 40 என்பது நாற்பதாவது கலவை. நனைந்த இரும்பில் அடித்தால் ஈரத்தைத் தள்ளிவிட்டு உட்காரும். பிறகு அதில் பெரும்பகுதி ஆவியாகிப் போகும். மிஞ்சுகிற படலம் மெல்லிசு. ஆறு மாதம் அலமாரியில் நிற்கப் போகிற துப்பாக்கிக்கு அது காவல் இல்லை. இன்னொன்று: ஸ்பிரேயைச் சுத்தியல் பக்கம் அடித்தால் உள்ளே விசைக்கூட்டில் இறங்கும், பழைய அழுக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கட்டைக்குள் வடியும். இவர் சொல்கிற கறுத்த மரம் அப்படி எண்ணெய் குடித்த மரம்தான் என்று பந்தயம் கட்டுவேன்.

கடனாநதி:

நமக்குக் கடையம் பக்கம். என்னிடம் இருப்பது உரிமம் பெற்ற ஒற்றைக் குழல், வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற பழைய நாட்டுத் துப்பாக்கி. பயிர்ப் பாதுகாப்புக்குத் தாத்தா காலத்தில் வாங்கியது. மேற்கே மலையடிவாரத்தில் காட்டுப்பன்றி பிசான நெல்லையும் கிழங்கையும் என்ன பாடு படுத்துகிறது என்று எல்லோருக்கும் தெரியும். கையில் துப்பாக்கி இருக்கிறது என்பதற்காகப் பன்றியைச் சுட்டுவிட முடியாது, 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. வெடிச் சத்தத்துக்கு மட்டும்தான் இது.

கரிமருந்து போடுகிறவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் அப்படியே பொருந்தாது. கரிமருந்தில் வெடியுப்பு இருக்கிறது. எரிந்த பின் குழலில் நிற்கிற சாம்பல் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். எண்ணெய் விட்டுத் துடைத்தால் அந்த உப்பு எண்ணெயில் கரையாது, அடியில் உட்கார்ந்து அரிக்கும். அதற்குத் தண்ணீர்தான் மருந்து. சுட்ட அன்றைக்கே, பொழுது விடியட்டும் என்று கூடப் பார்க்காமல், சுடு தண்ணீரில் கொஞ்சம் சோப்பு கலந்து குழலில் விட்டு, துணி சுற்றிய கம்பியால் மேலும் கீழும் இழுக்க வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் வரும், பயப்பட வேண்டாம், கந்தகம். கறுப்புத் தண்ணீர் தெளிந்ததும் கொதிக்கக் கொதிக்க ஒரு முறை வெறும் தண்ணீர். குழல் கை வைக்க முடியாத சூடாகும். அந்தச் சூட்டிலேயே ஈரம் காய்ந்துவிடும். அதன் பிறகுதான் எண்ணெய். இதற்குக் கடையில் வாங்க வேண்டியது சோப்பு மட்டும்தான், அதுவும் வீட்டில் இருக்கிறது.

வாய் வழியாக நிரப்புகிற துப்பாக்கி காலியா என்று திறந்து பார்க்க முடியாது. கம்பியை உள்ளே விட்டு, எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று வெளியே வைத்து அளந்து பார்க்க வேண்டும். காலியான குழலுக்குரிய அடையாளத்தை எங்கள் கம்பியிலேயே தாத்தா வெட்டி வைத்திருக்கிறார்.

பழைய ஹவில்தார்:

கடனாநதி சொல்வது நூற்றுக்கு நூறு. பழைய 303 ரைஃபிள் தோட்டாவிலும் இதே சங்கதி உண்டு. அதன் அடியில் தீப்பற்ற வைக்கிற கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும், எரிந்தால் உப்பாகக் குழலில் படியும். அந்தக் காலத்தில் பட்டாளத்தில் புனல் வைத்துக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றியதே அதற்குத்தான். இப்போது வருகிற 12 போர் தோட்டாக்களுக்கு அது தேவையில்லை.

உவரி_கடலோரம்:

நெல்லை டவுனில் இருப்பவருக்குச் சொல்கிற யோசனை எங்கள் பக்கம் செல்லாது. உவரியிலிருந்து கூடங்குளம் வரைக்கும் காற்றே உப்பு. ஜன்னல் கம்பி வருஷத்துக்கு ஒரு தரம் உரிந்து விழுகிறது, துப்பாக்கி எம்மாத்திரம்.

நான் கண்ட வரைக்கும் இங்கே எண்ணெயை விட, எதில் வைக்கிறோம் என்பதுதான் பெரிய விஷயம். தோல் உறையில் போட்டு வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பதனிட்ட அமிலமும் அதில் இருக்கும். பஞ்சு வைத்த ரெக்சின் உறையும் அப்படித்தான். கடைக்குக் கொண்டு போகவும் நிலையத்துக்குக் கொண்டு போகவும் உறை, வீட்டுக்கு வந்தால் வெளியே. பூட்டுகிற இரும்பு அலமாரி, அதில் சிலிக்கா ஜெல். செருப்புப் பெட்டியில் வருகிற குட்டிப் பொட்டலம் அல்ல, அரைக் கிலோ டப்பா. ஆரஞ்சு நிறம் வாங்குங்கள், ஈரம் குடித்ததும் பச்சையாக மாறும். நீல நிறத்தில் வருவதில் கோபால்ட் உப்பு சேர்த்திருப்பார்கள், வீட்டில் குழந்தை இருந்தால் அது வேண்டாம். நிறம் மாறினால் ஒரு பழைய கடாயில் சிறு தீயில் வறுத்தால் பழைய நிறம் திரும்பிவிடும். அந்தக் கடாயை மறுபடி சமையலுக்கு எடுக்கக் கூடாது, வீட்டுக்காரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அலமாரிக்குள் பாச்சா உருண்டை போடுகிறார்கள் சிலர். அது பூச்சிக்கு. துருவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எண்ணெயில் நான் ரொம்ப நாளாகப் பயன்படுத்துவது பாலிஸ்டால். ஜெர்மன்காரன் 1904 முதல் விற்கிறான். கொஞ்சம் காரத்தன்மை உள்ளது, தண்ணீரோடு கலந்தால் பால் மாதிரி ஆகும், மரத்திலும் தோலிலும் பட்டாலும் கெடுதல் இல்லை. விலை கூடுதல்தான், ஆனால் ஒரு குப்பி வருஷக்கணக்கில் வரும்.

சேரன்மாதேவிக்காரன்:

அண்ணாச்சிமார் எல்லோருக்கும் நன்றி. வெள்ளைத் துணி சோதனை செய்தேன். இடது குழலில் சாம்பல் கறுப்பாகத்தான் வந்தது, ஒரு துணியில் மினுமினுவென்று சின்னச் செதில் கூட இருந்தது. அப்போ ஈயம்தான். இதை எடுக்க என்ன வாங்க? குழல் கழுவுகிற திரவம், ஹாப்பீஸ் நம்பர் 9 என்று ஒன்று எல்லோரும் சொல்கிறார்கள். இன்னொரு கடையில் காப்பர் சால்வென்ட் என்று நீலக் குப்பி காட்டினார்கள், "இதுதான் பவரு" என்றார்கள்.

லேத்பட்டறை_பேட்டை:

காப்பர் சால்வென்ட் உங்களுக்கு எதற்கு? ரைஃபிள் தோட்டாவின் குண்டுக்குச் செம்பு உறை உண்டு, அந்தச் செம்பு குழலில் ஒட்டும், அதை எடுக்க அம்மோனியா கலந்த திரவம். 12 போரில் போவது ஈய ரவை. செம்பே இல்லாத இடத்தில் அது காசு தண்டம். 315 ரைஃபிள் வைத்திருப்பவர்கள் வாங்கட்டும். அவர்களும் ராத்திரி முழுக்க ஊற விடக் கூடாது, குப்பியில் போட்டிருக்கிற நேரம்தான். வெண்கலப் பிரஷை அதில் முக்கினால் பிரஷே கரைந்து நீலமாக வரும், குழலில் இன்னும் செம்பு இருக்கிறது என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். நிக்கல் முலாம் போட்ட 32 ரிவால்வரில் அதைத் தொடவே கூடாது. முலாமுக்கு அடியில் செம்புப் பூச்சு இருக்கலாம், அங்கே புகுந்தால் முலாம் உரிந்துவரும்.

ஹாப்பீஸ் நல்ல சாமான், 1903-லிருந்து இருக்கிறது. கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கவலை இல்லை. பெயிண்ட் கடையில் மினரல் டர்பன்டைன் வாங்கிக்கொள்ளுங்கள். பிரஷை அதில் நனைத்து, சேம்பர் பக்கமிருந்து விட்டு வாய் வழியாக முழுதாக வெளியே தள்ளி, அப்புறம் இழுங்கள். குழல் பாதியில் பிரஷைத் திருப்பினால் முள் மடங்கிப் பிரஷ் வீணாகும். சோக் இருக்கிற கடைசி ஒரு சாண் நீளத்தில்தான் வேலை. பிடிவாதமாக நின்றால் பழைய பிரஷ் மேல் 0000 ஸ்டீல் உல் கொஞ்சம் சுற்றி, எண்ணெய் விட்டுத் தேய்க்கலாம். 12 போரின் உள்பக்கம் வழவழப்புதான், ரைஃபிளில் இருக்கிற சுழல் பள்ளம் கிடையாது, அதனால் இது செல்லும். ரைஃபிள் குழலில் இதைச் செய்யக் கூடாது.

பெட்ரோல் வேண்டாம். சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் எல்லோர் வீட்டு பைக்கிலும் அது இருக்கிறது. அதன் ஆவி தரையோடு படர்ந்து போய் அடுப்பைத் தேடிப் பிடிக்கும்.

மரம் கறுத்ததற்கு: துப்பாக்கியை நிமிர்த்தி வைத்தால் எண்ணெய் மெல்ல இறங்கிக் கட்டைத் தலையில் ஊறும், மரம் மெத்தென்றாகும். இனிமேல் எண்ணெய் போட்ட பிறகு கொஞ்ச நாள் வாய் கீழே இருக்கும்படி, ஒரு துணி மேல் நிறுத்துங்கள். கறுத்த இடத்தில் சாக்பொடி தூவி, காயக் காயத் தட்டிவிட்டு, மறுபடி தூவினால் கொஞ்சம் எண்ணெயை இழுக்கும். மிச்சத்தை மரவேலை தெரிந்த துப்பாக்கி மெக்கானிக் பார்க்கட்டும். மரத்துக்கு மேல்பூச்சு வேண்டுமானால் கொதிக்க வைத்த ஆளி விதை எண்ணெய், இரண்டு சொட்டு, உள்ளங்கையால் தேய்த்துச் சூடு வரும்வரை. அதைத் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப் போட்டு, விறைத்த பின் எறியுங்கள்.

ரேஞ்ச்_பொண்ணு:

நடுவில் ஒரு சந்தேகத் தீர்வு, ஏர் ரைஃபிள் வைத்திருக்கிற தம்பி தங்கைகளுக்காக. இந்த இழையைப் படித்துவிட்டு யாரும் அதில் எண்ணெய் ஊற்றிவிடாதீர்கள். ஸ்பிரிங் ரைஃபிளின் காற்றறையில் மினரல் எண்ணெய் போனால், அமுக்கத்தில் டீசல் இன்ஜின் மாதிரி பற்றிக்கொள்ளும். "டப்" என்று சத்தம், புகை, சீல் போய்விடும். சிலிண்டரில் காற்று அடைக்கிற ரகத்தில் அது இன்னும் ஆபத்து. சீலுக்குச் சிலிக்கோன் எண்ணெய் மட்டும், அதுவும் புத்தகத்தில் சொல்லியிருக்கிற இடத்தில் மட்டும். 4.5 மி.மீ. குழலுக்கு வெண்கலப் பிரஷ் தேவையே இல்லை, பெல்லட் மெத்தென்ற ஈயம். உலர்ந்த துணியோ, சுத்தம் செய்கிற ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) பெல்லட்டோ போதும். எங்கள் கோச் பிரஷைக் கண்டாலே பிடுங்கிவிடுவார்.

பயிற்சி முடிந்து கையைக் கழுவாமல் அல்வாவைத் தொடாதீர்கள். இது எல்லாத் துப்பாக்கிக்கும்.

தாமிரபரணிக்கரை:

யாரும் வெள்ளத்தைப் பற்றிப் பேசவில்லையே. 2023 டிசம்பர் 17, 18 மறந்துபோகுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் தெருவில் அலமாரி கால் அளவில்லை, தலை அளவு தண்ணீர். மாமாவின் துப்பாக்கி அலமாரிக்குள் சேற்றோடு நின்றது. தண்ணீர் வடிந்ததும் அவர் முதலில் செய்தது எண்ணெய் போடவில்லை, கழுவினார். அங்கேதான் நிறையப் பேர் கோட்டை விட்டார்கள். சேற்றின் மேல் எண்ணெய் போட்டால் சேறு உள்ளேயே உட்காரும்.

குழல், முன்கட்டை, பின்கட்டை மூன்றையும் பிரித்து, நல்ல தண்ணீரில் கழுவினார். ஆழ்குழாய்த் தண்ணீர் எங்கள் பக்கம் உப்பு, அதனால் குடிக்க வந்த கேன் தண்ணீரைத்தான் ஊற்றினார், அத்தை திட்டினாலும். பிறகு டபிள்யூ.டி. 40. இங்கேதான் நெட்டில்_தேடி சொன்ன சாமானுக்கு உண்மையான வேலை. ஈரத்தை வெளியே தள்ளிவிட்டு, துடைத்து, அதன் மேல் எண்ணெய். மரத்தை நிழலில், காற்றில், நாள் கணக்கில் உலர விட்டார். வெயிலில் வைத்தவர்கள் வீட்டில் கட்டை விரிசல் விட்டது. விசைக்கூட்டைத் தானே திறக்கவில்லை, உரிமம் உள்ள கடைக்குக் கொண்டு போனார். நனைந்த தோட்டாக்களைக் காய வைத்துப் பார்க்கலாம் என்ற பேச்சு வந்தது. விடவில்லை. கணக்குக் காட்டி ஒப்படைத்துவிட்டார்.

நெட்டில்_தேடி:

சரி, ஒத்துக்கொள்கிறேன், டப்பாவை வீசவில்லை.

இன்னொரு கேள்வி. ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய் (ATF), மண்ணெண்ணெய், டர்பன்டைன், அசிட்டோன் நான்கும் சம அளவு கலந்து ஒரு கலவை சொல்கிறார்களே, அமெரிக்காக்காரர்கள் வாளி வாளியாகச் செய்கிறார்கள். மலிவாக வருமே?

லேத்பட்டறை_பேட்டை:

நல்ல கலவைதான். ஆனால் ஒரு துப்பாக்கிக்காரருக்கு எதற்கு வாளி? மண்ணெண்ணெய் இப்போது ரேஷனில் வாங்குவதே பாடு. அசிட்டோன் மர வார்னிஷைத் தொட்டால் உரித்துவிடும், மூடி கொஞ்சம் தளர்ந்தாலும் பறந்துவிடும், தீக்கும் அஞ்ச வேண்டும். சங்கத்தில் இருபது துப்பாக்கி இருந்தால் செய்யுங்கள்.

நெறியாளர்:

ஒரு குறிப்பு. சுத்தம் செய்வது, எண்ணெய் போடுவது, துருவைத் துடைப்பது உரிமதாரரின் வேலை. பாகம் மாற்றுவது, பழுது பார்ப்பது எல்லாம் 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி அதற்கென உரிமம் பெற்றவர் வேலை. குழலைக் குறைப்பது 6-ஆம் பிரிவில் தனியாகவே வருகிறது. "வீட்டிலேயே சோக்கை அகலப்படுத்தலாமா", "விசையை இலகுவாக்கலாமா" என்ற கேள்விகள் இங்கே வந்தால் நீக்கப்படும். ஏற்கெனவே ஒன்றை நீக்கியாயிற்று.

கடனாநதி:

நெறியாளர் சொன்னதோடு ஒன்று. ஜமீன் வீட்டுப் பரணிலிருந்து வந்த பழைய இங்கிலீஷ் இரட்டைக் குழல்கள் நம் பக்கம் நிறைய இருக்கின்றன. குழலில் நீர் அலை மாதிரி வரி ஓடினால் அது இரும்பையும் எஃகையும் முறுக்கி அடித்த டமாஸ்கஸ் குழலாக இருக்கலாம், கரிமருந்து காலத்தது. துடைத்துப் பளபளப்பாக்கி வைத்துக்கொள்ளுங்கள், இப்போதைய தோட்டாவை அதில் போடாதீர்கள். சுத்தம் செய்துவிட்டோமே என்று தைரியம் வந்துவிடும், அதற்காகச் சொல்கிறேன்.

பழைய ஹவில்தார்:

சேரன்மாதேவித் தம்பிக்கு. அடுத்த தேர்தல் வந்தால் மறுபடி ஒப்படைக்கச் சொல்வார்கள். அதற்கும் இப்போதே சாமான் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாசலின் ஒரு டப்பா போதும். கொடுக்கிற அன்று குழலின் உள்ளும் வெளியும் துணியில் தொட்டு, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பூசுங்கள். எண்ணெய் இறங்கிவிடும், வாசலின் நிற்கும். யார் விரல் பட்டாலும் இரும்பில் படாது. ஒப்படைக்கும்போது ரசீதில் எண்ணோடு சேர்த்து "துரு இல்லை" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதினால் எழுதட்டும், எழுதாவிட்டால் அவர்கள் முன்னாலேயே கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உரிமம் உள்ள ஆயுதக் கடையில் ஒப்படைத்து ரசீது காட்டினால் ஏற்பார்களா என்றும் உங்கள் நிலையத்தில் கேளுங்கள், கடைக்காரர் அலமாரி காய்ந்திருக்கும்.

திரும்ப வாங்கியதும் வாசலின் முழுவதையும் துடைத்து எடுக்காமல் தோட்டா போடாதீர்கள். குழலுக்குள் கிரீஸோ துணித் துண்டோ அடைத்திருந்தால் வெடிக்கும்போது குழல் புடைக்கும்.

சேரன்மாதேவிக்காரன்:

வாங்கியது: மர ராடு, 12 போர் வெண்கலப் பிரஷ் இரண்டு, கம்பளிக் குஞ்சம், 0000 ஸ்டீல் உல், டர்பன்டைன் அரை லிட்டர், தையல் மிஷின் எண்ணெய், அரைக் கிலோ ஆரஞ்சு சிலிக்கா ஜெல். பனியன் துணி வீட்டிலேயே இருந்தது. எல்லாம் சேர்த்தே, ஆன்லைனில் காட்டிய அந்த மரப்பெட்டி செட்டின் விலையில் பாதி வரவில்லை.

ஈயம் வந்துவிட்டது. சோக் இப்போது கண்ணாடி. வெளியே இருந்த நாலு விரலில் மூன்று முழுதாகப் போய்விட்டது, சுட்டுவிரல் இடத்தில் மட்டும் கறுப்புப் புள்ளி நிற்கிறது. லேத் அண்ணாச்சி சொன்னபடி அதைத் தொடவில்லை. தையல் மிஷின் எண்ணெய் போதுமா, இல்லை பாலிஸ்டால் வாங்கியே ஆக வேண்டுமா?

உவரி_கடலோரம்:

சேரன்மாதேவியில் நீங்கள் மாதம் ஒரு தரம் எடுத்துத் துடைக்கிற ஆள் என்றால் மிஷின் எண்ணெய் போதும். ஓடுகிற பாகத்துக்கு அது நல்லதுதான். துருவைத் தடுக்கிற சேர்மானம் அதில் அவ்வளவு இல்லை, அதனால் மழைக் காலத்தில் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும். எடுக்கவே நேரமில்லாத ஆள் என்றால் பாலிஸ்டால் வாங்குங்கள், இல்லாவிட்டால் ஹவில்தார் ஐயாவின் வாசலின்.

பழைய ஹவில்தார்:

எதைப் போட்டாலும் துடைத்து எடுங்கள் தம்பி. விரலால் தொட்டால் வழுக்க வேண்டும், சொட்டக் கூடாது. ஜெல் டப்பாவை அலமாரியின் அடித்தட்டில் வையுங்கள், கதவு ரப்பர் கிழிந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.